உடைக்கச் சொன்ன கண்ணாடி

எனக்குப் படம் எடுக்கக் கற்றுக் கொடுத்தவள் என்னைவிட ஆறேழு வயது இளையவள். இதைச் சொன்னால் இப்போதும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அருப்புக்கோட்டையில் இருந்த அந்த ஸ்டுடியோவில் போர்டில் இருந்த பெயர் புருஷனுடையது, வேலை முழுக்க அவளுடையது. அந்த மனிதர் நாடகக் கொட்டகைகளுக்குத் திரை எழுதப் போய்விடுவார். போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. வருகிறவர்களை நாற்காலியில் உட்கார்த்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் படம் எடுத்து, இருட்டறையில் கழுவி, அட்டையில் ஒட்டிக் கொடுக்கிற வரைக்கும் எல்லாம் அவள்தான். வாயும் அப்படித்தான். தாசில்தாரையே "மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கீக, யாராச்சும் அடிச்சாகளா?" என்று கேட்டவள்.

நான் பக்கத்துச் சந்தில் தையல் மிஷின் போட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் பர்மாவுக்குப் பிழைக்கப் போனவர். ஜப்பான்காரன் சண்டை அங்கே வந்தபோது நடந்தே கிளம்பிய கூட்டத்தில் இருந்தார் என்றார்கள். வந்து சேரவில்லை. அவர் முகம் இப்படித்தான் என்று காட்ட என்னிடம் ஒரு படம்கூடக் கிடையாது. கோயிலில் கல்யாணம் முடிந்த அன்றைக்கு அவர் படம் எடுக்கலாம் என்றார். எதுக்கு வெட்டிச் செலவு என்று நான்தான் தடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

மாதம் ஒருமுறை திருச்சுழி பஸ் ஏறி வீரசோழன் வரைக்கும் போவேன். அங்கே முஸ்லிம் வீடுகளில் பெண்களுக்கு அளவெடுத்துக் கொண்டுவந்து ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். வேற்று ஆண் வாசலோடு நின்றுவிட வேண்டிய வீடுகள் அவை. எனக்கு அடுப்படி வரைக்கும் வழி உண்டு. உட்கார வைத்துக் காப்பி கொடுப்பார்கள், புருஷன் எழுதிய கடிதத்தில் என்ன இருந்தது என்பதுவரை சொல்லுவார்கள். ஒரு வீட்டுச் சேதியை இன்னொரு வீட்டில் நான் வாய் திறந்ததில்லை. அந்த ஒரு குணத்தை வைத்துத்தான் எனக்குச் சோறு.

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷத்தில் இலங்கைக்குப் போக்குவரத்து இறுகியது. முன்பெல்லாம் சந்தைக்குப் போகிற மாதிரி கொழும்புக்குப் போய் வந்தவர்கள், இப்போது காகிதம் வேண்டும், காகிதத்தில் முகம் வேண்டும் என்று திண்டாடினார்கள். ஆண்களுக்குப் பிரச்சினை இல்லை, ஸ்டுடியோவுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பெண்களை யார் படம் எடுப்பது? அன்னிய ஆணுக்கு முன்னால் முகம் காட்டி உட்கார வைக்க எந்த வீட்டிலும் சம்மதிக்கவில்லை. ஸ்டுடியோக்காரியை வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் மேல் ஆள் வந்தது. அவளுக்கோ கைக்குழந்தை, கடையையும் விட முடியாது.

ஒரு நாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மிஷினுக்கு முன்னால் வந்து நின்றாள். "யக்கா, ஒனக்கு ஒரு தொழில் சொல்லித் தாரேன். நீ எனக்கு ஆயுசுக்கும் ரவிக்க தச்சுக் குடு."

"எனக்கு எதுக்குத்தா இந்த வயசுல?" என்றேன்.

"வயசு என்ன வயசு, கேமராவையா கல்யாணம் பண்ணப் போற? அந்த வீடுகளுக்குப் போயி வர எனக்கு நேரம் இல்ல, ஒனக்கு அடுப்படி வரைக்கும் பழக்கம் இருக்கு. மத்ததெல்லாம் நான் சொல்லித் தாரேன்."

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். சின்னவளிடம் பேச்சு வாங்குவது என்றால் இன்னும் சீக்கிரம் வரும். முதல் ஒரு மாதம் அவள் எனக்குப் பிளேட்டையே, அதாவது படம் பதிகிற கண்ணாடியையே, கொடுக்கவில்லை. சண்டை முடிந்தும் பிளேட்டுத் தட்டுப்பாடு தீராத காலம், கண்ணாடியைத் தங்கம் மாதிரி வைத்திருந்தாள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கேமராவின் பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில் தெரிகிறதைச் சும்மா பார் என்றாள். பார்த்தால் எல்லாம் தலைகீழ். நாற்காலி மேலே, ஆள் கீழே தொங்குகிறார். எனக்குத் தலை சுற்றிக் குமட்டிக்கொண்டு வந்தது. வெளியே வந்து, "இது என்னத்தா கூத்து, பேசாம ரவிக்க தச்சே பொழச்சுக்கிறேன்" என்று முந்தானையை உதறினேன்.

"நேராப் பாத்தா மொகத்தத்தான் பாப்ப. தலகீழாப் பாத்தாத்தான் தோளு ஒரு பக்கம் சாஞ்சிருக்குறது தெரியும். போ, உள்ள போ" என்றாள். அவள் சொன்னது உண்மைதான். பத்துப் பதினைந்து நாளில் ஆட்களின் தோள், கழுத்து, முக்காட்டின் மடிப்பு எல்லாம் எனக்குத் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. தையல்காரிக்கு அது புதிதும் இல்லை. வாடிக்கைக்காரியின் எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று பார்த்துத்தானே இத்தனை வருஷம் துணி வெட்டினேன்.

பிறகு தண்ணீர். மருந்தில் போட்டெடுத்த படத்தை நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலச வேண்டும், மருந்து துளி மிச்சம் இருந்தாலும் நாலு மாதத்தில் படம் பழுத்துப்போகும். எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக் கிடப்போம். அப்படித் தூக்கிவந்த தண்ணீரைப் படத்துக்கு ஊற்றிச் சாக்கடையில் விட எனக்குக் கை வரவே இல்லை. ஒரு சட்டிக்குள்ளேயே ஆறு படத்தை அலசி, அந்தத் தண்ணீரையும் வாசல் தெளிக்க எடுத்து வைப்பேன். அவள் ஒரு நாள் என் படங்களை எல்லாம் வெயிலில் பரப்பிக் காட்டினாள். ஓரம் ஓரமாக மஞ்சள். "ஒன் கஞ்சத்தனம் எல்லாம் இவுக மூஞ்சியில அப்பிக்கிருச்சு பாரு" என்று கிழித்துப்போட்டாள். அன்றைக்கு நான் அவளோடு பேசவில்லை. மறுநாள் இரண்டு குடம் அதிகமாகத் தூக்கி வந்தேன், அவ்வளவுதான்.

தொழில் புத்தியையும் அவளே சொல்லித் தந்தாள். "கத்துக்கிட்டு இருக்கேன்னு யாருகிட்டயும் சொல்லாத, சொன்னா பேரம் பேசுவாக. அளவெடுக்கப் போற அன்னைக்குப் படம் எடுக்காத, படம் எடுக்கப் போற அன்னைக்கு இஞ்சு டேப்ப வீட்டுல வச்சிரு. டவுனு எனக்கு, திருச்சுழிக்கு அங்கிட்டு எல்லாம் ஒனக்கு. ஒன் ஆளு எங்கிட்ட வந்தா நான் ஒங்கிட்டத்தான் அனுப்புவேன், நீயும் அப்படியே செய்யணும்." இதை எல்லாம் விட அழுத்திச் சொன்னது ஒன்று: "என்ன ஆனாலும் பிளேட்ட மட்டும் கைய விட்டுப் போக விடாத. அதுதான் ஒனக்கு நெலம். நாளைக்கு இன்னொரு காப்பி வேணும்னு வந்து நிப்பாக, அதுலதான் ஒம் பொழப்பே இருக்கு."

நான் தனியாகப் போன முதல் வேலையே இதில்தான் வந்து முட்டிக்கொண்டது.

வீரசோழனில் எனக்குப் பழக்கமான வீடு. மருமகள் சின்னப் பெண். புருஷன் கொழும்பில் கடை வைத்திருந்தான். கல்யாணம் முடிந்து மூன்று வருஷத்தில் அவனோடு அவள் இருந்தது ஒரு மழைக்காலம் மட்டும். இப்போது வரச் சொல்லி எழுதியிருந்தான். இந்த வருஷம் விட்டால் இனி விடுவார்களோ மாட்டார்களோ என்று எல்லோருக்கும் பயம். படம் இருந்தால் அவள் போகலாம், இல்லாவிட்டால் புருஷன் அங்கே, அவள் இங்கே. மாமனார் கண்டிப்பானவர், ஊரில் அவர் சொன்னால் நாலு வீடு கேட்கும். அவர் என்னை முன்கட்டில் நிறுத்திச் சொன்னார்: "தையக்காரம்மா, நீ எடுக்குறதுல எனக்கு ஆட்சேபண இல்ல. ஆனா எங்க வீட்டுப் பொண்ணு மொகம் கண்டவுக கையில கெடக்கக் கூடாது. காகிதத்துக்கு வேண்டியதப் போட்டுக் குடுத்துட்டு, அந்தக் கண்ணாடிய எங்க வீட்டுல வச்சு ஒடச்சிரணும். சம்மதமா?"

பிளேட்டு, நிலம் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னது காதில் இருந்தது. ஆனாலும் சம்மதம் என்றேன். பெரியவர் கேட்டதில் தப்பில்லை என்றே எனக்குப் பட்டது.

முற்றத்தில் வெள்ளை வேட்டி ஒன்றைப் பின்னால் கட்டி, அந்தப் பெண்ணை முன்னால் உட்கார வைத்தேன். லென்சின் மூடியை எடுத்ததும் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முதல் பிளேட்டு பாழ். "ஏத்தா, கண்ணத் தொறந்துக்கிட்டு இருந்தா என்ன, கேமரா ஒன்னக் கடிச்சா திங்கப் போகுது?" என்று கத்தினேன். அவள் அழப் பார்த்தாள். பிறகு எனக்கே தோன்றியது. கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "நான் இப்ப ஒனக்கு அளவெடுக்கப் போறேன்னு நெனச்சுக்க" என்றேன். என்னிடம் எத்தனையோ முறை அளவு கொடுத்தவள்தானே. முதுகை நிமிர்த்தி, மோவாயைத் தூக்கி, நேராக என்னைப் பார்த்தாள். மூடியை எடுத்து மூடினேன். இது ஸ்டுடியோக்காரி சொல்லித் தராதது.

கழுவிப் பார்த்தபோது படம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்டுடியோக்காரியும் சிவப்பு விளக்கில் பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உடைக்க வேண்டும் என்று நான் சொன்னதும்தான் அவள் முகம் மாறியது.

"கிறுக்கச்சி! கண்ண மூடுன பிளேட்டு ஒண்ணு இருக்குல்ல, அத ஒடச்சிட்டு வா. சத்தம் கேட்டாப் போதும் அவுகளுக்கு. நல்லது இங்க இருக்கட்டும்."

"ஏமாத்தித் தொழில் பண்ண எனக்குத் தெரியாது. என்ன நம்பித்தான் அடுப்படி வரைக்கும் விடுறாக."

"நாளைக்கே இன்னொரு காப்பி கேட்டா எங்குட்டுப் போவ?"

"போக மாட்டேன். ஒடைப்பேன்."

இருவரும் கத்தினதில் குழந்தை எழுந்து அழுதது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். போகும்போது, "எக்கேடும் கெட்டுப் போ" என்றாள். இரண்டு பிளேட்டையும் பையில் வைத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன். இரண்டையுமே உடைத்துவிடுவது என்றுதான் கிளம்பினேன், சத்தியமாக.

படங்களைப் பெரியவர் வாங்கிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். "எங்க, உள்ள போயி ஒடச்சிரு" என்றார். உள்கட்டில் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். மாமியார் அடுப்படியில் இருந்தார். மருமகள் மெல்ல வந்து பக்கத்தில் குந்தி, என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஒடைக்காதீக அக்கா. நான் அக்கரைக்குப் போயிட்டா எங்கம்மா என்னப் பாக்க ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு படம் எங்கம்மாவுக்குப் போட்டுக் குடுங்க. மாமாகிட்ட கேக்க எனக்குத் தைரியம் இல்ல."

அவள் அம்மா அதே ஊரில் இரண்டு தெரு தள்ளி இருந்தார். என் வீட்டுக்காரர் நினைப்பு வந்தது. எத்தனையோ தடவை அவர் முகத்தை மனதில் கூட்டிப் பார்த்திருக்கிறேன். மீசை வரும், கண் வராது. கண் வந்தால் மற்றது போய்விடும். இந்தப் பெண்ணின் முகம் என் பையில் முழுசாக இருக்கிறது, நான் அம்மிக் குழவியைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கண் மூடின பிளேட்டை எடுத்து அம்மியில் வைத்து ஒரே போடு போட்டேன். முன்கட்டிலிருந்து பெரியவர், "சொன்ன சொல்லக் காப்பாத்துற பொம்பள" என்று யாரிடமோ சொன்னது கேட்டது. எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி முறத்தில் போட்டாள்.

ஊர் திரும்பி நடந்ததைச் சொன்னதும் ஸ்டுடியோக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் சொன்னப்ப சண்டைக்கு வந்த! இப்ப நீயே செஞ்சுட்டு வந்து நிக்க!"

"நீ சொன்னது தொழிலுக்கு. நான் செஞ்சது அந்தப் புள்ளைக்கு" என்றேன். "ரெண்டுக்கும் பிளேட்டு ஒண்ணுதான்" என்று மறுபடி சிரித்தாள்.

அடுத்த முறை போனபோது அந்த அம்மாவிடம் ரவிக்கைத் துணிக்குள் மடித்து ஒரு படத்தைக் கொடுத்தேன். அந்த அம்மா அதை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு என் கன்னத்தைத் தடவினார். அந்தப் பெண்ணுக்குக் காகிதம் வந்துசேர நாலைந்து மாதம் ஆனது. அதற்குள் பெரியவர் சொன்ன சொல்லால் என்னை வீரசோழனில் வீடு வீடாகக் கூப்பிட்டார்கள். கண்ணாடியை உடைக்கிற அம்மா என்றே எனக்குப் பெயர். மற்ற வீடுகளில் உண்மையாகவே உடைத்தேன். ஆனால் பெரியவர் தெருவில் எதிரே வந்தால் நான் பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிடுவேன். தெரிந்தால் அன்றோடு என் பிழைப்பு முடிந்தது. படம் மட்டுமில்லை, தையலும் சேர்ந்து போகும்.

அந்தப் பெண் கிளம்பிய மறு வாரம், காலை முதல் பஸ்ஸில் பெரியவர் அருப்புக்கோட்டைக்கு வந்து என் வாசலில் நின்றார். சட்டை எல்லாம் புழுதி. கையில் தந்தி. கப்பல் ஏறுமுன் சோதிக்கிற மண்டபம் முகாமில் அவர்களை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். பெட்டியில் வைத்துவிட்ட நல்லெண்ணெய்ச் சீசா உடைந்து, காகிதம் எல்லாம் எண்ணெயில் ஊறி, படத்தில் முகமே தெரியவில்லையாம். நாளைக்குள் வேறு படம் கொண்டுவராவிட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்புகிறேன் என்று அதிகாரி சொல்லிவிட்டாராம். துணைக்குப் போன இளைய மகன் தந்தி அடித்திருந்தான்.

"படம் வேணும் தாயி. மத்தியானத்துக்குள்ள கெடச்சாப் பரமக்குடியில ரயிலப் பிடிச்சிருவேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பஸ் நிக்கிற எடத்துல இருங்கய்யா, வாரேன்" என்று ஸ்டுடியோவுக்கு ஓடினேன். என் பிளேட்டும் அங்கேதான் தகரப்பெட்டியில் இருந்தது, மருந்தும் அங்கேதான். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்கே முகம் வெளுத்துவிட்டது.

"படத்தக் குடுத்தா வீரசோழன் போச்சு யக்கா. கண்ணாடிய ஒடைக்கல, ஏமாத்திட்டான்னு ஊரே பேசும். இனி ஒரு வீட்டுலயும் ஏத்த மாட்டாக."

"குடுக்கலேன்னா அந்தப் புள்ள திரும்பி வந்துரும்."

"அப்பன்னா இப்படிச் சொல்லு. அன்னைக்கே ஒரு காப்பி கூடப் போட்டேன், பெட்டிக்குள்ள தவறிக் கெடந்துச்சுன்னு சொல்லு. பிளேட்டப் பத்தி மூச்சு விடாத."

நல்ல யோசனைதான். என் வாயில் அது வரவும் வந்திருக்கும். ஆனால் இத்தனை நாள் அந்த மனிதரைக் கண்டாலே பயந்து பயந்து செத்தது போதும் என்று தோன்றிவிட்டது. "முடியாது. உள்ளதச் சொல்லிருறேன்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஒன்னக் கட்டிக்கிட்டு மாரடிக்க எனக்கு ஏலாது" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே குழந்தையைத் தரையில் விட்டுவிட்டு இருட்டறைக்குள் போனாள். நான் பிளேட்டை எடுத்துத் துடைப்பதற்குள் தட்டுகளில் மருந்து தயாராக இருந்தது. அலசுவதற்கு, அவள் வீட்டில் குடிக்க வைத்திருந்த பானையையே தூக்கி வந்து வைத்தாள். "ஊத்து, யோசிக்காத" என்றாள்.

மின்விசிறி எல்லாம் அன்றைக்கு ஏது? இருவரும் முறத்தால் மாறி மாறி விசிறிப் படத்தைக் காய வைத்தோம். படத்தை ஒரு உறையில் போட்டு, பிளேட்டை ஒரு துணியில் சுற்றி, இரண்டையும் எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். பெரியவர் அங்கே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். படத்தைக் கொடுத்தேன். பிறகு துணியைப் பிரித்து பிளேட்டையும் நீட்டினேன்.

"அய்யா, அன்னைக்கு நான் ஒடச்சது வேற கண்ணாடி. இதுதான் அது. வச்சிருந்தது நான். யாரும் சொல்லி வைக்கல, நானாத்தான் வச்சேன்."

மருமகளை நான் காட்டிக்கொடுப்பேனா? அவள் அந்த வீட்டில் ஆயுசுக்கும் வாழ வேண்டியவள்.

அவர் பிளேட்டை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இதோ கீழே போட்டு மிதிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பஸ்காரன் ஹாரன் அடித்தான். அவர் அவசரப்படவே இல்லை.

"அவ அம்மாவுக்கு ஒண்ணு குடுத்த, இல்ல?" என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அந்தம்மா எந்நேரமும் அதத்தான் பாத்துக்கிட்டு இருக்குன்னு எம் வீட்டுக்காரி வந்து சொன்னா. சரி, ஒடைக்கலேன்னு அன்னைக்கே தெரிஞ்சுக்கிட்டேன்." பிளேட்டைத் துணியில் பழையபடி சுற்றி என் கையில் கொடுத்தார். "தெரிஞ்சதுனாலதானே மொத பஸ்ஸுக்கே ஒங்கிட்ட ஓடியாந்தேன். நீ மட்டும் ஒடச்சிருந்தா இன்னைக்கு நான் எங்குட்டுப் போயி நிப்பேன்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. தெரிந்துகொண்டே இத்தனை நாளாக ஒரு வார்த்தை சொல்லாமல் என்னைப் பயத்தில் வேக வைத்தாரே மனுஷன்! கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பஸ் நகர ஆரம்பித்தது. அவர் படிக்கட்டில் தொற்றி ஏறி, புழுதிக்குள்ளிருந்து கத்தினார்: "வர்ற வாரம் வீட்டுக்கு வா. அவ மாமியா தனக்கும் ஒரு படம் எடுக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அங்க அனுப்பணுமாம், மருமக பாக்க."

நடுத்தெருவில் நின்று அழுதேன். பயந்து அழுதேனா, கோபத்தில் அழுதேனா, என் வீட்டுக்காரரை நினைத்து அழுதேனா, தெரியவில்லை. ஸ்டுடியோ வாசலில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தவள் என் கோலத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"வீரசோழன் போச்சா யக்கா?"

"இல்லத்தா" என்றேன். "பிளேட்டு வாங்கணும். நெறைய வாங்கணும்."